சர்வாதிகாரியின் ஓட்டைக் கப்பல்

டக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வடம் கட்டவும் எஞ்சின் பார்க்கவும் சொல்லித்தர உங்கள் கேப்டன்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு நாளைப் பற்றி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் அந்த நாளின் ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். வரும்போது வயர்லெஸ்ஸில் கேட்கும் முதல் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் டக் கேப்டனாக இருந்தேன். பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் இடம் சேர்க்கிற இழுவைக் கப்பலுக்குத்தான் டக் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. ஈராக் மேல் இரண்டாவது போர் இன்னும் வரவில்லை.

அந்த நாட்டின் அதிபர் குவைத்துக்குள் படையோடு புகுந்து, அடித்துத் துரத்தப்பட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. உலகமே அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அவர் எண்ணெயை இஷ்டத்துக்கு விற்க முடியாது, வேண்டியதை வாங்கவும் முடியாது. வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் வளைகுடாவில் காவல் சுற்றின. சீக்கிரம் விழுந்துவிடுவார் என்று குவைத்தின் ஃபஹாஹீலில் டீக்கடையில் உட்கார்ந்தவர்களும் சொன்னார்கள், சவூதியின் அல் கோபாரில் ஏசி அறையில் உட்கார்ந்தவர்களும் சொன்னார்கள். அவர் விழவில்லை. எப்படி என்று எங்களைப் போன்ற கடல்காரர்களுக்குக் கொஞ்சம் தெரியும். உடைக்கப் போட வேண்டிய பழைய கப்பல்களைச் சல்லிசாக வாங்கி, தெற்கு ஈராக்கின் பஸ்ராப் பக்கம் எண்ணெய் நிரப்பி, எதிர்க்கரையான ஈரானை ஒட்டியே ஊர்ந்து வந்து, காவல் இல்லாத நேரம் பார்த்து இந்தக் கரைக்குப் பாய்வார்கள். பிடிபட்டவை சில. தப்பியவை பல.

என் டக்கில் சீஃப் எஞ்சினியர் ஒரு ஈராக்கியர். பெயர் வேண்டாம். அவருடைய சொந்தங்கள் அங்கே இருக்கிறார்கள். சீஃப் என்றே சொல்கிறேன். ஒரு காலத்தில் அந்த நாட்டுக் கடற்படையில் இருந்தவர், பிறகு ஜோர்டான் வழியாக வெளியேறி எங்களிடம் வந்து சேர்ந்தவர். எஞ்சின் அறையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார். கேட்டால் பதில் சொல்வார், அதுவும் பாதி ஹிந்தியில், பாதி அரபியில்.

அன்று காலையிலிருந்தே வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசிக்கொண்டிருந்தது. கடல் முழுக்க வெள்ளை நுரை. துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் பாபு என்கிற மலையாளி.

“ஒரு பழைய சரக்குக் கப்பல். எஞ்சின் செத்துவிட்டது. இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. காற்று அதைக் கரைக்குத் தள்ளுகிறது. சரக்கு பேரீச்சம்பழம் என்று கப்பலின் ஏஜென்ட் சொல்கிறார். சீக்கிரம் கட்டி ஆழக்கடலுக்கு இழுத்துவிடுங்கள்.”

கரை என்றால் எந்தக் கரை என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கடல்நீரை உறிஞ்சிக் குடிதண்ணீராக மாற்றும் ஆலை ஒன்று நேர் எதிரே இருந்தது. துபாயில் மழை கிடையாது, ஆறு கிடையாது. குழாயில் வருவதெல்லாம் அந்த மாதிரி ஆலைகளிலிருந்து வருவதுதான். ஆலை தண்ணீரை உறிஞ்சுகிற வாயில் எண்ணெய் புகுந்தால் தொழிலாளர் கேம்பில் இருக்கிறவன் குடிக்கவும் தண்ணீர் இருக்காது, ஆஸ்பத்திரியிலும் இருக்காது.

பழமாக இருந்தால் கவலையில்லை. முழு வேகத்தில் போனோம்.

அந்தக் கப்பலைப் பார்த்ததும் எங்கள் தளவேலை ஆட்களின் தலைவன், போசன் சூசை, “என்ன கேப்டன், இது மெதக்குறதே அதிசயமாட்டுல்லா இருக்கு” என்றான். உடம்பெல்லாம் துரு. பெயர் எழுதிய இடத்தில் பழைய பெயரின் மேல் புதுப் பெயரைப் பூசியிருந்தார்கள். நான் பார்த்தது துருவை இல்லை. அது அசைகிற விதத்தைப் பார்த்தேன். அலை வந்து மோதினால் கப்பல் சாயும், உடனே நிமிரும். எல்லாக் கப்பலும் அப்படித்தான். இது சாய்ந்தது, சாய்ந்த இடத்திலேயே நின்றது, எழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது போலத் தயங்கி, பிறகுதான் மெல்ல எழுந்தது. மூட்டையாகக் கட்டி அடுக்கிய பழம் அப்படிச் செய்யாது. வயிற்றுக்குள் ஏதோ திரவம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அப்படி நடக்கும். பாதி நிறைந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், புரியும்.

அது உண்மை என்றால் எனக்கு வந்த உத்தரவு ஆபத்தானது. ஆழக்கடலுக்கு இழுக்க வேண்டுமானால் முதலில் கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். திருப்பும்போது நடுவில் அது அலைக்கு விலாவைக் காட்டும். அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பக்கம் பாய்ந்தால் கப்பல் கவிழும். ஆட்களும் போவார்கள், எண்ணெயும் போகும்.

வயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில் கேட்டேன். “கேப்டன், உங்கள் சரக்கு என்ன?”

“பேரீச்சம்பழம். பேரீச்சம்பழம் மட்டும்.”

“அடியில் திரவம் ஏதாவது?”

“இல்லை. பேரீச்சம்பழம் மட்டும்.”

குரல் ஒப்பிப்பது போல இருந்தது. அவர் பட்டனிலிருந்து விரலை எடுக்குமுன் பின்னால் யாரோ ஓடுகிற சத்தமும், அவரே திரும்பிக் கத்தியதும் காதில் விழுந்தன. “அந்தக் கயித்த விட்றாதீங்கடா!”

நான் துள்ளி எழுந்துவிட்டேன். தமிழ். அதுவும் ராமநாதபுரம் கடற்கரைத் தமிழ்.

உடனே தமிழுக்கு மாறி, அந்தக் கரை முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற முறையிலேயே கேட்டேன். “காக்கா, எந்த ஊரு நீங்க?”

அவர் குரல் இறங்கியது. “கீழக்கரை. நெய்னான்னு பேரு. அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கமா?”

“ஆமா. பக்கத்துல யாரு நிக்கா?”

“சரக்குக்குக் காவலுக்கு அனுப்பிச்ச ஆளு, ஈராக்கி. ஜாசிம்னு பேரு. தமிழ் தெரியாது. ஆனா மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“அப்ப மொகத்துல ஒண்ணும் காட்டாம சொல்லுங்க. உள்ள என்ன இருக்கு?”

“மேல ஒரு பொய்த் தட்டு போட்டு அதுல பழ மூட்டை. கீழ பூரா எண்ணெய், அண்ணாச்சி. நடுவுல இருந்த தடுப்பெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க. முன்னாடியிலருந்து பின்னாடி வரைக்கும் ஒரே தொட்டி. ஒரு ஓரமாக் கடத்தண்ணியும் உள்ள வந்துக்கிட்டிருக்கு. நீங்க இழுத்துத் திருப்புனீங்கன்னா நாங்க யாரும் வீடு போய்ச் சேர மாட்டோம்.”

அவர் சொல்லி முடித்ததும் அதே வயர்லெஸ்ஸில் பாபுவின் குரல் வந்தது. தமிழ் புரியாத மலையாளி உண்டா? ஆனால் அவர் சொன்னது இதுதான்: “சேட்டா, ஞான் ஒண்ணும் கேட்டிட்டில்ல. நிங்ஙள் எந்தா செய்யான் போகுன்னது?” தான் எதையும் கேட்கவில்லை, நான் என்ன செய்யப்போகிறேன் என்கிறார்; கேட்டதாக ஒப்புக்கொண்டால் மேலே அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

என்ன செய்வது? ஆலைக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் மணல் திட்டு ஒன்று உண்டு. அங்கே ஆழம் குறைவு. அன்றைய நீரோட்டமும் ஆலையை விட்டு விலகித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டே மெதுவாக, விலாவைக் காட்டாமல் கப்பலை இழுத்துப் போய் அந்த மணலில் உட்கார வைத்துவிட்டால் அது கவிழ முடியாது. அடியில் மண் தாங்கிக்கொள்ளும். ஆனால் எனக்குச் சொன்னது ஆழக்கடல். நான் செய்யப்போவது துறைமுக எல்லைக்குள் ஒரு கப்பலைத் தரைதட்ட வைக்கிற வேலை. தவறினால் லைசன்ஸும் போகும், விசாவும் போகும், உள்ளேயும் உட்கார வேண்டியிருக்கும்.

“பாபு, ஆழக்கடலுக்குக் கொண்டுபோகவில்லை. தெற்குத் திட்டில் ஏற்றுகிறேன். ஆலையின் வாயை மூடச் சொல்லுங்கள், எண்ணெயைத் தடுக்க மிதவை வேலி போடுகிற படகுகளை அனுப்புங்கள். பொறுப்பு என்னுடையது. என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.”

“எழுதிக்கொண்டேன்” என்றார்.

சூசை வடத்தை வீசினான். அவர்கள் முகப்பில் கட்டினார்கள். மெல்ல இழுக்கத் தொடங்கினேன். கப்பலின் மூக்கு கரைப்பக்கம் திரும்பியதுதான் தாமதம், ஒரு ஆள் முகப்புக்கு ஓடி வந்தான். கையில் தீயணைப்புக் கோடாரி. எங்கள் நைலான் வடத்தின் மேல் அதை ஓங்கிக்கொண்டு நின்று அரபியில் கத்தினான். அவன்தான் ஜாசிம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரைக்குப் போனால் வெட்டுவேன், எதிர்க்கரைக்குத் திருப்பு என்கிறான். ஏஜென்டும் அவனுக்குப் போனில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

விறைத்து நிற்கிற வடம் அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாட்டை போலச் சுழன்றடிக்கும்; எங்கள் பக்கமும் ஆள் போகும், அவன் பக்கமும் போகும். கப்பல் குறுக்கே திரும்பிவிடும். அதோடு கதை முடிந்தது.

வடத்தைத் தளர்த்தவும் முடியாது, இழுக்கவும் முடியாது. எஞ்சினை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு சீஃபைக் கூப்பிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். கோடாரியைப் பார்க்காமல் அந்த ஆளின் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

“பஸ்ராக்காரன்” என்றார். ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனார். வடம் அறுந்தால் முதலில் அடிபடுகிற இடம் அது. போகாதே என்றேன். காதில் வாங்கவில்லை.

அவர்கள் பேசியதில் பாதி எனக்கு அப்போதே புரிந்தது. மீதியைச் சீஃப் பிறகு சொன்னார்.

“வீட்டில் யார் இருக்கிறார்கள்?” இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஜாசிம் பிடியை இறுக்கினான். கோடாரி இறங்கவில்லை.

“என் வீட்டில் தம்பி இருக்கிறான். நான் ஓடிவந்ததும் அவனைத்தான் பிடித்து விசாரித்தார்கள். உனக்காக யாரைப் பிடிப்பார்கள்?”

“அம்மாவை” என்றான் ஜாசிம். “மனைவியை. பிள்ளைகளை. கப்பலை விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் முதலில் ரேஷனை நிறுத்துவார்கள். மாவு இல்லை, எண்ணெய் இல்லை, பால்பவுடர் இல்லை. பிறகு ஆள் வருவார்கள். இந்தக் கப்பல் யாருடையது என்று தெரியுமா உனக்கு? பெரிய வீட்டுப் பையனுடையது, அதிபரின் மகனுடையது. மூழ்கிவிட்டது என்று அவனிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்?”

கப்பல் ஒருமுறை சாய்ந்தது. இந்த முறை எழுவதற்கு அதிக நேரம் எடுத்தது. நெய்னா கேப்டன் மேலே நின்று வானத்தைப் பார்த்துக் கையேந்தியதை நான் பார்த்தேன்.

“மூழ்கிவிட்டது என்று நீ ஏன் சொல்கிறாய்?” என்றார் சீஃப். “குவைத்திலிருந்து நாங்கள் எப்படித் திரும்பினோம் தெரியுமா? என் படகு எரிந்துவிட்டது. செருப்பில்லாமல் பஸ்ராவுக்கு வந்தேன். ஊரில் சுவர் முழுக்க அவருடைய படம். வெற்றி, வெற்றி என்று எழுதியிருந்தார்கள். தோற்றதாக அவர் ஒருநாளாவது சொன்னாரா? முப்பது நாடு வந்து அடித்தும் நான் நிற்கிறேன், அதனால் ஜெயித்தது நான்தான் என்றார். இன்றைக்கும் நாற்காலியில் இருக்கிறார். நீயும் அதையே செய். எதிரிக் கடற்படை சுற்றி வளைத்தது, கப்பலை உடைத்தது, நான் கடைசிவரை கோடாரியோடு எதிர்த்து நின்றேன் என்று சொல். கோடாரியோடு நின்றாய்தானே? நாங்கள் எல்லோரும் பார்த்தோம்தானே?”

ஜாசிம் அவரையே பார்த்தான். பிறகு சிரித்தான். அழுகையும் அதில் இருந்தது. கோடாரி அவன் கையிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்த சத்தம் காற்றையும் தாண்டிக் கேட்டது.

“கலாஸ், முடிந்தது” என்று சொல்லி ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, எதுவுமே நடக்காதது போலச் சீஃப் என்னிடம், “யல்லா, இழு” என்றார்.

இழுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் இழுத்ததில்லை. ஒவ்வொரு அலைக்கும் வேகத்தை இன்னும் குறைத்தேன். வழியிலேயே எங்கள் சின்னப் படகை அவர்கள் விலாவில் ஒட்டிவைத்து ஆட்களை ஒவ்வொருவராக இறக்கினான் சூசை. ஜாசிம் கடைசிக்கு முந்தி. நெய்னா கேப்டன் கடைசி. அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கப்பலின் அடி மணலைத் தொட்டது. பெரிய மிருகம் ஒன்று முனகுவது போல ஒரு சத்தம். சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, நின்றுவிட்டது. மண் தாங்கிக்கொண்டது. சூசை சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். எனக்கும் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. வயர்லெஸ்ஸை எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி பாபுவிடம் சொன்னேன்.

கொஞ்சம் எண்ணெய் கசிந்தது. மிதவை வேலிக்குள் அடங்கியது. மீதியைப் பிறகு வேறு கப்பலுக்கு உறிஞ்சி எடுத்தார்கள். ஆலையின் வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

கரைக்கு வரும் வழியில் எல்லோருக்கும் எங்கள் சமையல்காரர் சோறும் மீன் குழம்பும் போட்டார். ஜாசிம் காரம் தாங்காமல் கண்ணீரோடு சாப்பிட்டான், ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டான். நான் சீஃபின் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து வருடமாக என் மனதில் இருந்த கேள்வியைக் கேட்டேன். இவ்வளவு அடி வாங்கியும் அந்த ஆள் எப்படித்தான் நிற்கிறார்?

“வெளியே சண்டை போடுகிற படை அழிந்தது. தோற்று வந்தவர்கள் தெற்கே அவருக்கு எதிராக எழுந்தார்கள். அவர்களை நசுக்குகிற அளவுக்கு மட்டும் படையை அவர் மிச்சம் வைத்திருந்தார்” என்றார் சீஃப். “பிறகு உலகம் தடை போட்டது. தடை அவருக்கு. பசி எங்களுக்கு. அந்தப் பசிக்கு ரேஷன் மாவு கொடுத்தது யார்? அவர்தான். கொடுக்கிற கையைக் கடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? இந்தக் கப்பல்களில் வரும் பணம் மாவுக்கு இல்லை. அது மகன்களுக்கு, காவல்படைத் தலைவர்களுக்கு. அவர்கள் வயிறு நிறைந்தால் அவர் நாற்காலி நிற்கும். இந்த ஓட்டைக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தால் போதும், அங்கே நாலு தளபதி விசுவாசமாக இருப்பான்.”

“இங்கே வாங்குகிறவனும் இருக்கிறானே” என்றேன்.

“வாங்குகிறவன் இல்லாமல் யார் விற்பான்?” என்றார்.

விசாரணை நடந்தது. உத்தரவை மீறியது ஏன் என்று கேட்டார்கள். கப்பல் அசைந்த விதத்தைச் சொன்னேன், நெய்னா கேப்டன் தமிழில் சொன்னதைச் சொன்னேன். பாபு முன்கூட்டியே நான் சொன்ன எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். கடைசியில் அடுத்த முறை கேட்டுச் செய் என்று எச்சரித்துவிட்டார்கள். அடுத்த முறையும் கேட்க நேரம் இருக்காது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நெய்னா கேப்டன் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு ஊருக்குப் போனார். இனிமேல் கப்பல் வேண்டாம் என்று கீழக்கரையிலேயே இருந்துவிட்டார். ஜாசிமை விசாரித்து, பஸ்ராப் பக்கம் போகும் பயணிகள் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஏறுவதற்கு முன் சீஃபைக் கட்டிப் பிடித்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் கதை அங்கே எடுபட வேண்டுமே என்று எங்கள் எல்லோருக்கும் கவலை.

இந்த வேலையில் எதிரில் இருப்பவர் உங்களிடம் பொய் சொல்வார். கப்பல் கேப்டன் சொல்வார், ஏஜென்ட் சொல்வார், சில நேரம் உங்கள் ஆட்களே சொல்வார்கள். பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யாருக்குப் பயந்து சொல்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வழி காட்டினால் உண்மை தானாக வரும். கப்பலை இழுக்க வேண்டுமானால் அந்த உண்மை வேண்டும். அன்று நெய்னா கேப்டனுக்குத் தமிழ் வழியாயிற்று, ஜாசிமுக்கு ஒரு பொய் வழியாயிற்று.

சில மாதம் கழித்து ஒரு மதியம் டக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் ஈராக் அரசு சேனல் ஓடிக்கொண்டிருந்தது. சீஃப் அதை வைப்பது ஊர்ப் பாட்டுக் கேட்பதற்காக. செய்தி வந்தது. பெரிய மண்டபம், சீருடை அதிகாரிகள், நடுவே புதுக் கோட்டு போட்ட ஒரு ஆள். சூசைதான் முதலில் அடையாளம் கண்டான். “கேப்டன், நம்ம கோடாரி!”

ஜாசிம்தான். எதிரிக் கடற்படையைத் தனியாளாக எதிர்த்து நின்ற வீரன் என்று அறிவிப்பாளர் முழங்கினார். ஒரு தளபதி அவன் நெஞ்சில் பதக்கத்தைக் குத்தினார். பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு அதிபரின் படம். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். சூசை விசிலே அடித்தான். ஆள் உயிரோடு இருக்கிறான், அம்மா இருக்கிறாள், பிள்ளைகளுக்கு மாவு இருக்கிறது.

சீஃப் மட்டும் கைதட்டவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சீஃப், சந்தோஷம் இல்லையா?” என்றேன்.

“இருக்கிறது” என்றார். “அவனைக் காப்பாற்றிவிட்டோம். படத்தில் இருக்கிற அந்த ஆளுக்கும் இன்னொரு வெற்றியைக் கொடுத்துவிட்டோம்.”

பிறகு தட்டை மீண்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: “நாளைக்கு அதே மாதிரி கப்பல் வந்தாலும் அதையேதான் சொல்வேன், கேப்டன். முதலில் ஆளை இறக்க வேண்டும்.”